அக்காவின் கோப்புகள் அப்பா பெயருக்கு மாறியது எப்படி? லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பயனர் கணக்குகளும் குழுக்களும்

பெங்களூரு அல்சூரில், வீட்டின் முன்னறையிலேயே ஒரு டிடிபி கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய ஆபீஸ் டெஸ்க்டாப், அதில் உபுண்டு. ஒரே கம்ப்யூட்டரில் மூன்று கணக்குகள். அப்பா கடையின் வரவு செலவு எழுதுவார். அக்கா தமிழிலும் கன்னடத்திலும் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பார். இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஆர்டுயினோ போர்டை வைத்து எதையாவது நோண்டிக்கொண்டிருப்பான். ஹார்ட் டிஸ்க் இழுக்க ஆரம்பித்ததும் தம்பி ஒரு எஸ்எஸ்டி போட்டு, உபுண்டுவைப் புதிதாக நிறுவி, மூன்று கணக்குகளையும் அதே பெயர்களில் உருவாக்குகிறான். பழைய டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டியில் போட்டுச் செருகுகிறான்.

அக்கா தன் பத்திரிகைகளைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது. அப்பாவின் கணக்கு வழக்கோ தம்பிக்குத் தாராளமாகத் திறக்கிறது. உரிமையாளர் பெயரைப் பார்த்தால் அக்காவின் கோப்புகள் அப்பா பெயரில், அப்பாவுடையவை தம்பி பெயரில், தம்பியுடையவை அக்கா பெயரில். டிஸ்க் கெடவில்லை, வைரஸும் இல்லை. பழைய நிறுவலில் அப்பா முதலில் கணக்கு தொடங்கினார்; அவருக்குப் பயனர் எண் 1000, அக்காவுக்கு 1001, தம்பிக்கு 1002. புதிய நிறுவலைத் தம்பி செய்ததால் 1000 அவனுக்குப் போனது, 1001 அப்பாவுக்கு, 1002 அக்காவுக்கு. டிஸ்க்கில் எழுதியிருந்தது எப்போதுமே எண் மட்டும்தான்.

லினக்ஸின் மையமான கர்னலுக்கு அக்காவையும் தெரியாது, தம்பியையும் தெரியாது. ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கில் இரண்டு எண்கள் பதிவாகியிருக்கும்: உரிமையாளர் எண், குழு எண். ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் அதே மாதிரி எண்கள் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் கதவு திறக்கிறது. பெயர் என்பது திரையில் காட்டுவதற்காக மேலே ஒட்டிய சீட்டு. பகிர்ந்து பயன்படுத்தும் டெஸ்க்டாப்பில் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தை மறப்பதால்தான் வருகின்றன.

(கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.)

சீட்டு ஒட்டும் இடம்

எண்ணுக்கும் பெயருக்கும் முடிச்சுப் போடுவது எட்சி அடைவில் (ஃபோல்டரில்) உள்ள பாஸ்வேர்டு கோப்பு. கோப்பின் பெயரில் ஓ, ஆர் இரண்டு எழுத்தும் இருக்காது. யூனிக்ஸ்காரர்கள் எழுத்தில் கஞ்சர்கள். அதில் ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு பகுதிகள், நடுவே முக்காற்புள்ளி. அக்காவின் பழைய வரியைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

அக்கா:எக்ஸ்:1001:1001:பத்திரிகை அக்கா,,,:/ஹோம்/அக்கா:/பின்/பாஷ்

லாகின் பெயர், பாஸ்வேர்டு இடத்தில் ஒரு எக்ஸ், பயனர் எண், முதன்மைக் குழு எண், முழுப்பெயர், ஹோம் ஃபோல்டர், ஷெல். ஒரு காலத்தில் உருமாற்றிய பாஸ்வேர்டே இரண்டாவது பகுதியில் இருந்தது. இந்தக் கோப்பை எல்லாரும் படிக்க முடியும் என்பதால் பிறகு அதைப் பிரித்து, எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்கான ரூட் மட்டும் பார்க்கும் ஷேடோ கோப்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருப்பதும் பாஸ்வேர்டு இல்லை, திரும்ப மீட்க முடியாதபடி உருமாற்றிய அதன் ஹாஷ்தான். 2021-இல் வந்த டெபியன் 11 முதல் அதற்கு யெஸ்கிரிப்ட் முறை. எனவே 'பாஸ்வேர்டை மறந்துவிட்டேன், எங்கே பார்ப்பது' என்ற கேள்விக்குப் பதில், பார்க்க முடியாது, புதிதாக வைக்கத்தான் முடியும்.

ஐந்தாவது பகுதிக்கு கெகாஸ் என்று பெயர். பெல் லேப்ஸில் யூனிக்ஸ் பிறந்த காலத்தில், அச்சு வேலைகளை கெகாஸ் என்ற இயங்குதளம் ஓடிய வேறொரு பெரிய இயந்திரத்துக்கு அனுப்புவதற்கான அடையாளத்தை அங்கே எழுதி வைத்தார்கள். அந்த இயந்திரம் போய் எத்தனையோ காலம் ஆயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நமக்கு அது வேறு விதத்தில் உதவும். லாகின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்திலும் எண்ணிலும் வைப்பதுதான் முறை. உருவாக்கும் கருவிகள் தமிழ் எழுத்தை வழக்கமாக ஏற்காது. முழுப்பெயரைத் தமிழிலேயே எழுதலாம், லாகின் திரையிலும் அது தமிழில் தெரியும். பாஸ்வேர்டுக்கு மட்டும் தமிழ் வேண்டாம். டெஸ்க்டாப்பில் தமிழ்99 விசைப்பலகையில் அடித்து வைத்துவிடலாம். ஆனால் ஏதோ கோளாறாகிக் கருப்புத் திரையில் லாகின் செய்ய வேண்டி வரும்போது அந்த விசைப்பலகை அங்கே இருக்காது.

இந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பவர்களுக்கு வரும் முதல் சந்தேகம், 'வீட்டில் மூன்று பேர், இங்கே ஏன் நாற்பது வரி?' என்பது. 1969-இல் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸில், ஒரே இயந்திரத்தைப் பல பேர் பல டெர்மினல்களில் பகிர்ந்துகொண்டார்கள். பயனர் எண் அவர்களைப் பிரித்து வைக்க வந்தது. டெஸ்க்டாப்பில் ஆட்கள் குறைந்தார்கள், பின்னணிச் சேவைகள் பெருகின. பிரின்ட்டருக்கு ஒன்று, நெட்வொர்க் நேரத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து, ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றதைத் தொட முடியாதபடி வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது: அங்கே ஒவ்வொரு ஆப்பும் ஒரு பயனர், எண்கள் 10000-இலிருந்து தொடங்கும்.

டெபியன், உபுண்டுவில் 0 ரூட்டுக்கு. 1 முதல் 999 வரை கணினியின் சொந்தக் கணக்குகளுக்கு. ஆட்களுக்கு 1000 முதல். பழைய ஃபெடோராவும் ரெட்ஹாட்டும் 500-இல் தொடங்கின. ஃபெடோரா 2011-இலும் ரெட்ஹாட் 2014-இலும் 1000-க்கு மாறின. மேக் 501-இல் தொடங்கும், ஃப்ரீபிஎஸ்டி 1001-இல். மேக்கில் உள்ளவர்களின் முதன்மைக் குழு ஸ்டாஃப், எண் 20. டெபியனில் 20 என்பது டயல்அவுட், அதாவது சீரியல் போர்ட் குழு. மேக்கிலிருந்து எண் மாறாமல் வந்த கோப்புகள் லினக்ஸில் 'டயல்அவுட்' குழுவில் நிற்பதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. சீட்டு வேறு, எண் அதேதான்.

மாறிப்போன எண்ணைத் திருத்துவது

மூன்று பேரின் ஹோம் ஃபோல்டரும் தனித்தனியே இருந்தால் வேலை சுலபம். பழைய டிஸ்க்கில் அக்காவின் ஃபோல்டர் மேல் 'சுடோ சிஎச்ஓன் -ஆர் அக்கா:அக்கா' அடித்தால் போதும் (சுடோ என்றால் ரூட் உரிமையோடு இயக்கு என்று பொருள், சிஎச்ஓன் உரிமையாளரை மாற்றும், அந்த ஆர் பெரிய எழுத்து). மற்ற இருவருக்கும் அப்படியே.

மூவரின் கோப்புகளும் கலந்து கிடக்கும் பொது ஃபோல்டரில்தான் சிக்கல். 1000 எண்ணுள்ளவற்றையெல்லாம் 1001 ஆக்கு, பிறகு 1001-ஐ 1002 ஆக்கு என்று வரிசையாகப் போனால் அப்பாவின் கோப்புகளும் அக்காவுடையதோடு சேர்ந்து 1002-க்குப் போய்விடும். இரண்டு டம்ளரில் உள்ள காபியையும் பாலையும் இடம் மாற்ற மூன்றாவது டம்ளர் வேண்டும் அல்லவா? அதே கதை. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு எண்ணை, 9000 என்று வைப்போம், இடையில் பயன்படுத்த வேண்டும். முதலில் 1002-ஐ 9000 ஆக்குவது, பிறகு 1001-ஐ 1002, பிறகு 1000-ஐ 1001, கடைசியாக 9000-ஐ 1000. ஒவ்வொரு படிக்கும் ஃபைண்ட் கட்டளையில் '-யூஐடி' கொடுத்துக் கோப்புகளைப் பொறுக்கி, '-எக்ஸெக்' வழியாக சிஎச்ஓனிடம் தள்ள வேண்டும். சிஎச்ஓனுக்கு '-ஹெச்' ஆப்ஷன் அவசியம். இல்லாவிட்டால் சிம்பாலிக் லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) ஒன்று எங்கோ உள்ள வேறு கோப்பின் உரிமையை மாற்றிவிடும். குழு எண்ணுக்கு '-ஜிஐடி' கொடுத்து இதே நான்கு படிகள் இன்னொரு முறை.

இதையெல்லாம் தவிர்க்க, புதிதாக நிறுவும்போதே பழைய எண்ணைக் கொடுப்பது நல்லது. நிறுவும் திரை எண்ணைக் கேட்காது, முதல் ஆளுக்கு 1000 கொடுத்துவிடும். ஆகவே 1000 யாரோ அவர் பெயரில் நிறுவிவிட்டு, மற்றவர்களை 'ஆட்யூசர் --யூஐடி 1001' என்று எண்ணோடு சேர்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ள கணக்கின் எண்ணை யூசர்மாட் கட்டளையின் '-யூ' மாற்றும். ஆனால் அது ஹோம் ஃபோல்டருக்குள் உள்ளவற்றை மட்டும் புதிய எண்ணுக்குக் கொண்டுவரும். வெளியே கிடப்பவை பழைய எண்ணிலேயே அனாதையாக நிற்கும். ஃபைண்டுக்கு '-நோயூசர்' கொடுத்தால் அப்படிப்பட்டவை வரிசையாக வரும்.

பென் டிரைவ் இந்த விவகாரத்திலேயே சேராது. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் வடிவங்களில் உரிமையாளர் எண்ணுக்கு இடமே கிடையாது. செருகும்போது யார் உள்ளே இருக்கிறாரோ அவருக்கே எல்லாம் சொந்தம் என்று கணினி பாவித்துக்கொள்ளும். அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையை அடித்தும் பயனில்லை. கடையில் இது வேறு உருவில் தலைகாட்டும். வாடிக்கையாளரின் பென் டிரைவை அக்காவின் கணக்கில் செருகிவிட்டு, 'யூசரை மாற்று' கொடுத்து அப்பா உள்ளே வந்தால், அதை அவரால் திறக்க முடியாது. மீடியா அடைவில் அக்கா பெயரில் உருவான ஃபோல்டருக்குள் நுழைய அக்காவுக்கு மட்டும்தான் அனுமதி. கழற்றி மறுபடி செருக வேண்டியதுதான்.

குழுவில் சேர்த்தாயிற்று, இன்னும் ஏன் திறக்கவில்லை?

எட்சி அடைவின் குரூப் கோப்பில் வரிக்கு நான்கு பகுதிகள்: குழுவின் பெயர், ஒரு எக்ஸ், குழு எண், உறுப்பினர் பட்டியல். ஒருவருக்கு முதன்மைக் குழு ஒன்று, துணைக் குழுக்கள் பல. துணைக் குழு என்ற ஏற்பாடு 1983-இல் வந்த 4.2பிஎஸ்டியில் தொடங்கியது. முதன்மைக் குழுவின் உறுப்பினர் பெயர் இந்தப் பட்டியலில் வராது, ஏனென்றால் அது பாஸ்வேர்டு கோப்பின் நான்காவது பகுதியில் ஏற்கெனவே இருக்கிறது. அக்கா குழுவின் வரியில் அக்கா பெயர் இல்லையே என்று போய்ச் சேர்க்க வேண்டாம்.

தம்பியின் ஆர்டுயினோ போர்டு யூஎஸ்பியில் தெரிகிறது, ஆனால் நிரலை ஏற்றினால் 'அனுமதி மறுக்கப்பட்டது'. அந்தச் சீரியல் போர்ட் டயல்அவுட் குழுவுக்குச் சொந்தம் (ஆர்ச் லினக்ஸில் அதன் பெயர் யூயூசிபி). தம்பியை அதில் சேர்க்க வேண்டும். இங்கேதான் லினக்ஸில் மிகப் பிரபலமான தவறு நடக்கிறது. யூசர்மாட் கட்டளைக்குப் பெரிய எழுத்து ஜி மட்டும் கொடுத்தால், 'இவன் இனி இந்தக் குழுவில் மட்டும்' என்று பொருள். முன்பிருந்த எல்லாத் துணைக் குழுக்களும் போய்விடும், சுடோ உட்பட. சிறிய எழுத்து ஏ-வும் சேர்ந்தால்தான் 'இருப்பதோடு கூட' என்று பொருள். கணினியில் சுடோ உரிமை தம்பிக்கு மட்டும் இருந்து, அவன் இந்த ஏ-வை மறந்துவிட்டால், தவறைத் திருத்தவும் சுடோ வேண்டும், அதுதான் இப்போது இல்லை.

அப்படி மாட்டிக்கொண்டால் உபுண்டுவில் வழி இது. கணினியைத் தொடங்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்து, யூஇஎஃப்ஐ வகைப் புதிய இயந்திரமானால் எஸ்கேப்பைத் தட்டி, கிரப் என்னும் தொடக்கப் பட்டியலில் ரிகவரி மோடைத் தேர்ந்து, ரூட் ஷெல்லுக்குப் போக வேண்டும். டிஸ்க் அங்கே படிக்க மட்டும் இணைந்திருக்கலாம். 'மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /' அடித்து எழுதும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகு, 'ஆட்யூசர் தம்பி சுடோ'. இவ்வளவு தூரம் வராமல் இருக்க, ஆரம்பத்திலிருந்தே 'ஜிபாஸ்வேர்டு -ஏ தம்பி டயல்அவுட்' என்ற கட்டளையைப் பழகிக்கொள்ளலாம் (இதன் பெயரிலும் ஓ, ஆர் கிடையாது). அது ஒருவரை ஒரு குழுவில் சேர்க்கும், வேறெதையும் தொடாது.

சரியாகச் சேர்த்த பிறகும் அதே பிழை வரும். இந்த இடத்தில் பலர் பொறுமையிழந்து 777-க்கு, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும் என்பதற்கு, தாவுகிறார்கள். குழு எண்கள் லாகின் நேரத்தில் ஒரு முறை படிக்கப்பட்டு, அந்த அமர்வில் ஓடும் எல்லா நிரல்களுக்கும் வழிவழியாகப் போகின்றன. கோப்பில் பெயரைச் சேர்த்தது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவற்றுக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்கலாம்: 'ஐடி தம்பி' என்று பெயரோடு அடித்தால் கோப்பில் உள்ளதைக் காட்டும், டயல்அவுட் இருக்கும். வெறும் 'ஐடி' அடித்தால் இந்த டெர்மினலின் கையில் உள்ளதைக் காட்டும், டயல்அவுட் இருக்காது. இரண்டும் வேறாக வந்தால் கோளாறு எதுவும் இல்லை, வெளியேறி மறுபடி நுழையவில்லை, அவ்வளவுதான். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் போதாது. டெஸ்க்டாப்பிலிருந்தே லாக்அவுட் செய்ய வேண்டும். சில சமயம் அந்தப் பயனரின் பின்னணி நிரல்கள் உயிரோடு நீடிக்கும், அப்போது ரீஸ்டார்ட். 'நியூஜிஆர்பி டயல்அவுட்' அடித்தால் அந்த டெர்மினலுக்கு மட்டும் உடனே கிடைக்கும்.

நீக்கும்போதும் இதே விதி, எதிர்த்திசையில். குழுவிலிருந்து ஒருவரை எடுத்த பிறகும், திறந்திருக்கும் அவருடைய அமர்வுக்குப் பழைய உரிமை தொடரும்.

எந்தக் குழுவில் சேர்க்கலாம், எதில் கூடாது? எல்பிஅட்மின், பிரின்ட்டர் அமைப்பை மாற்றுவதற்கு; கடையில் அக்காவுக்கு வேண்டியிருக்கும். அச்சிடுவதற்கு மட்டும் அது தேவையில்லை. ஆடியோ குழுவில் சேர்க்கச் சொல்லும் பழைய குறிப்புகளை விட்டுவிடலாம். இப்போது திரைக்கு முன் இருப்பவருக்கு ஒலிக்கருவிகளின் உரிமையை லாகின் சேவையே கொடுத்து, ஆள் மாறும்போது எடுத்துக்கொள்கிறது. குழுவில் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டால், அடுத்தவர் உட்கார்ந்திருக்கும்போதும் மைக் இவர் கையில் இருக்கும். டிஸ்க், டாக்கர் இரண்டும் ஆபத்து. டிஸ்க் குழுவில் உள்ளவர் அனுமதிகளைச் சுற்றிக்கொண்டு டிஸ்க்கை நேரடியாகப் படிக்கலாம். டாக்கர் குழுவில் உள்ளவர் முழு கணினியையும் டாக்கர் இயக்கும் ஒரு கன்டெய்னருக்குள் (தனிப்பெட்டிக்குள்) இணைத்து ரூட்டாக உலவலாம். சுடோ கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம், சுடோ பாஸ்வேர்டாவது கேட்கும்.

பொது ஃபோல்டர் என்னும் தலைவலி

அப்பாவும் அக்காவும் ஒரே பத்திரிகைக் கோப்புகளில் கை வைக்க வேண்டும், தம்பி வைக்கக் கூடாது. கேட்பதற்கு எளிது. நடைமுறையில் நான்கு இடங்களில் இடறும்.

முதலாவது, இடம். அப்பாவின் ஹோமுக்குள் பொது ஃபோல்டர் வைத்தால், அந்த ஃபோல்டருக்கு எவ்வளவு அனுமதி கொடுத்தாலும் அக்காவால் போக முடியாது. உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750 அனுமதியோடு வருகின்றன, தெருக்கதவே பூட்டு. பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'எக்ஸ்', அதாவது நுழையும் அனுமதி வேண்டும். எந்தக் கதவு மறிக்கிறது என்று தெரியாவிட்டால் 'நேம்ஐ -எல்' கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுத்தால் படிப்படியாகக் காட்டும். பொது ஃபோல்டரை எஸ்ஆர்வி அடைவுக்குள் வைப்பது வசதி.

'குரூப்ஆட் -ஜி 5000 பத்திரிகை' என்று குழுவை உருவாக்கலாம். இங்கே ஜி சிறிய எழுத்து. எண்ணை 5000 என்று தள்ளி வைப்பதற்குக் காரணம் உண்டு: சும்மா விட்டால் அது 1003-ஐப் பிடித்துக்கொள்ளும், அடுத்து வரும் ஆளுக்குப் பயனர் எண்ணும் சொந்தக் குழு எண்ணும் ஒன்றாக அமையாமல் போகலாம். பிறகு அப்பாவையும் அக்காவையும் அதில் சேர்த்து, ஃபோல்டரின் குழுவைச் சிஎச்ஜிஆர்பி கொண்டு பத்திரிகை ஆக்கி, 'சிஎச்மாட் 2770'. ஏழு என்பது படி 4, எழுது 2, நுழை 1; உரிமையாளருக்கு முழுதும், குழுவுக்கு முழுதும், வெளியாருக்குச் சுழியம். முன்னால் உள்ள 2, செட்ஜிஐடி. அது இருந்தால், உள்ளே புதிதாகப் பிறக்கும் கோப்பு எழுதியவரின் சொந்தக் குழுவுக்குப் போகாமல் ஃபோல்டரின் குழுவையே எடுத்துக்கொள்ளும்.

அடுத்த இடறல், யூமாஸ்க். புதிய கோப்பு 666-இல் தொடங்கி யூமாஸ்க் சொல்வது கழிந்து பிறக்கிறது. 0022 என்றால் 644. குழுவுக்குப் படிக்க மட்டும் அனுமதி, திருத்த இல்லை. 0002 என்றால் 664, இதுதான் நமக்கு வேண்டும். டெர்மினலில் யூமாஸ்க் என்று அடித்தால் உங்கள் கணினியில் எது என்று தெரியும். டிஸ்ட்ரோவைப் பொறுத்து இரண்டில் ஒன்று வரும்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். அக்கா தன் ஹோமிலிருந்து பொது ஃபோல்டருக்குக் கோப்பை நகலெடுத்தால் அது புதிய கோப்பு, செட்ஜிஐடி வேலை செய்யும். வெட்டி ஒட்டினால், அதாவது நகர்த்தினால், அதே பழைய கோப்புதான் இடம் மாறுகிறது. பழைய குழுவும் பழைய அனுமதியும் கூடவே வரும். 'சில பத்திரிகை மட்டும் அப்பாவுக்குத் திறக்கவில்லை' என்று வந்தால் பெரும்பாலும் நகர்த்தியவைதான். சரிசெய்ய, குழுவை முழுதாக மாற்றிவிட்டு 'சிஎச்மாட் -ஆர் ஜி+ஆர்டபிள்யூஎக்ஸ்'. கடைசி எக்ஸ் மட்டும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். அது ஃபோல்டர்களுக்கும், ஏற்கெனவே இயங்கக்கூடிய கோப்புகளுக்கும் மட்டும் எக்ஸ் கொடுக்கும். 2770-ஐ '-ஆர்' போட்டு அடித்தால் ஒவ்வொரு படமும் பத்திரிகையும் இயங்கு கோப்பாக மாறி நிற்கும்.

யூமாஸ்க்கை நம்பாமல் இருக்க ஏசிஎல் (தனி அனுமதிப் பட்டியல்) உண்டு. 'செட்எஃப்ஏசிஎல் -டி -எம்' வழியாக ஃபோல்டருக்கு இயல்பு அனுமதி வைத்துவிட்டால், அதற்குள் பிறப்பவற்றுக்கு யூமாஸ்க் பொருந்தாது. அதிலும் ஒரு முடிச்சு: சில நிரல்கள் கோப்பை 600 என்று கேட்டே உருவாக்கும். அப்போது ஏசிஎல்லின் மாஸ்க் சுருங்கி, பட்டியலில் குழுவுக்கு எழுதும் அனுமதி இருப்பதாகத் தெரிந்தும் நடைமுறையில் இருக்காது. 'கெட்எஃப்ஏசிஎல்' காட்டும் 'எஃபெக்டிவ்' என்ற குறிப்பைப் படித்தால் விளங்கிவிடும்.

நான்காவது, அழிப்பது. ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின் மேல் அனுமதி வேண்டியதில்லை. அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் அனுமதி இருந்தால் போதும். அப்பாவின் கோப்பு 'படிக்க மட்டும்' என்று இருந்தாலும் அக்கா அதை அழித்துவிட முடியும். வேண்டாமென்றால் ஸ்டிக்கி பிட் சேர்த்து 3770 ஆக்க வேண்டும். அப்போது அழிப்பதும் பெயர் மாற்றுவதும் கோப்புக்கு உரியவருக்கும் ஃபோல்டருக்கு உரியவருக்கும்தான். ஆனால் பல எடிட்டர்கள் சேமிக்கும்போது புதிய கோப்பை எழுதிவிட்டுப் பழையதன் மேல் பெயர் மாற்றி வைக்கின்றன. ஸ்டிக்கி பிட் உள்ள ஃபோல்டரில், அடுத்தவர் கோப்பைத் திருத்திச் சேமிப்பது அந்த எடிட்டர்களில் தடைபடும். இரண்டு பேர் சேர்ந்து திருத்தும் இடத்துக்கு 2770-உம் ஒழுங்கான பேக்கப்பும்தான் பொருத்தம்.

ஆள் போன பிறகு

சீசனுக்கு ஒரு டிடிபி ஆபரேட்டர் வந்து, 1003 எண்ணில் வேலை பார்த்துவிட்டுப் போகிறார். கணக்கை உடனே நீக்குவதுதான் எல்லார் கையும் போகும் வழி. நீக்கினால் பெயர் போகும், பொது ஃபோல்டரில் அவர் எழுதிய கோப்புகளில் 1003 என்ற எண் அப்படியே இருக்கும். அடுத்த மாதம் வரும் புது ஆளுக்குக் கணினி அதே 1003-ஐக் கொடுக்கும். முந்தையவரின் எல்லாக் கோப்புகளும் வந்த அன்றே அவருக்குச் சொந்தம்.

கணக்கைப் பூட்டி வைப்பது மேல். யூசர்மாட் கட்டளையின் பெரிய எழுத்து எல் பாஸ்வேர்டை மட்டும் பூட்டும். நெட்வொர்க் வழியாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவி வைத்திருந்தால் நுழையலாம். கூடவே '-இ 1' கொடுத்தால் கணக்கு 1970 ஜனவரி 2-ஆம் தேதியே காலாவதியானதாகப் பதிவாகி, எந்த வழியும் திறக்காது. எண்ணும் வேறு யாருக்கும் போகாது.

இந்தப் பூட்டெல்லாம் இயங்கிக்கொண்டிருக்கும் லினக்ஸுக்குள்தான். நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் பென் டிரைவில் கணினியைத் தொடங்குகிறவர் அங்கே ரூட். 1000, 1001 எல்லாம் அவருக்கு வெறும் எண்கள். டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போகக்கூடிய இடத்தில் கணினி இருந்தால், நிறுவும்போதே லக்ஸ் குறியாக்கம் போட வேண்டும். அனுமதிகள் அந்த வேலையைச் செய்யாது.

பேக்கப் எடுப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. டார் என்ற தொகுப்புக் கோப்பு எண்ணையும் பெயரையும் சேர்த்தே பதிந்துகொள்ளும். ரூட்டாக அவிழ்க்கும்போது முதலில் பெயரைத்தான் தேடும். புதிய நிறுவலில் அக்கா 1002 ஆக இருந்தால் கோப்புகளும் 1002-க்கு வந்து சேரும். தம்பி பழைய டிஸ்க்கை நேராகச் செருகாமல், அதிலேயே ஒரு டார் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் ஆரம்பத்தில் சொன்ன குழப்பமே வந்திருக்காது. லைவ் பென் டிரைவிலிருந்து அவிழ்க்கும்போது மட்டும் '--நியூமெரிக்-ஓனர்' என்று சேர்க்க வேண்டும். அங்கே அக்கா என்று யாரும் இல்லை. ரூட், டீமன் போன்ற பெயர்கள் இருந்தாலும், சேவைக் கணக்குகளின் எண்கள் உங்கள் கணினியில் உள்ளதோடு பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.